காலி அரேக்கு என்ன பொருள்? அந்தமானின் இளம் புரோகிராமர்களுக்கு ஒரு திறந்த மடல்

அந்தமான் நிகோபாரின் அலுவலகங்களுக்கும் படகு கம்பெனிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் போஸ்ட்கிரெஸ்ஸில் ஃபங்ஷன் எழுதிக்கொடுக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களிடம் ஒரு குறையும் ஒரு வேண்டுகோளும் சொல்ல வேண்டியிருக்கிறது. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அரே சம்பந்தமாக ஓர் எரர் வந்தால், அது ஏன் வந்தது என்று தேடுவதற்கு முன்பே அதை அடக்கிவிடுகிறீர்கள். ஓரிடத்தில் கோஅலெஸ் போட்டு 'நல்' மதிப்பைப் பூஜ்யமாக்குகிறீர்கள். இன்னோரிடத்தில் ஃபங்ஷன் முழுவதையும் எக்ஸெப்ஷன் பிளாக்குக்குள் வைத்து, எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று எழுதிவிடுகிறீர்கள். திரையில் சிவப்பு எழுத்து மறைந்ததும் புகாரை மூடிவிடுகிறீர்கள். ஆனால் அந்த எரர் சொல்ல வந்தது கவுன்டருக்கு வெளியே வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிய செய்தி. அதை நீங்கள் கேட்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

முன்பதிவு ஃபங்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கப்பலின் பயண எண்ணும் பயணிகளின் ஐடிகள் அடங்கிய ஓர் அரேயும் உள்ளே போகின்றன. ஃபங்ஷன் அரேயின் நீளத்தைக் கேட்டு, 1 முதல் அந்த நீளம் வரை லூப் ஓட்டி, ஆளுக்கு ஒரு டிக்கெட் சேர்க்கிறது. ஒருநாள், லூப்பின் மேல் எல்லை 'நல்' ஆக இருக்க முடியாது என்று எரர் வருகிறது. காரணம் இதுதான்: காலி அரேயிடம் 'அரே_லெங்த்' கேட்டால் போஸ்ட்கிரெஸ் 0 என்று சொல்லாது, 'நல்' என்றுதான் சொல்லும். நீங்கள் அந்த இடத்தில் கோஅலெஸ் போட்டு 0 ஆக்குகிறீர்கள். இப்போது லூப் 1 முதல் 0 வரை, அதாவது ஒருமுறைகூட ஓடாது. ஃபங்ஷன் 'வெற்றி' என்று திருப்பி அனுப்பும். கவுன்டரில் இருப்பவர் அதை நம்பிப் பணத்தை வாங்கிக்கொள்வார். டிக்கெட் டேபிளிலோ ஒரு வரிகூட ஏறியிருக்காது.

முன்பு எரர் வந்தபோது அந்தக் குடும்பத்துக்குக் குறைந்தபட்சம் அங்கேயே விஷயம் தெரிந்தது. நீங்கள் 'சரிசெய்த' பிறகு, கப்பல் ஏறும் நாளில் ஜெட்டியில் தெரியவருகிறது.

கோஅலெஸ் தவறு என்று நான் சொல்லவில்லை. இரவில் ஓடும் கணக்குச் சுருக்க ஃபங்ஷனில் அதே வரி மிகச் சரியானது. அன்று யாரும் டிக்கெட் எடுக்கவில்லை என்றால் செய்ய வேலை இல்லை, பேசாமல் முடித்துக்கொள்ளலாம். முன்பதிவு ஃபங்ஷனில் காலிப் பட்டியல் வந்தால் அதற்குப் பொருள் வேறு: அனுப்பியவரிடம் ஏதோ உடைந்திருக்கிறது. ஒரே காலி அரே ஓரிடத்தில் நல்ல செய்தி, ஓரிடத்தில் ஆபத்துச் செய்தி. இதை போஸ்ட்கிரெஸ் உங்களுக்காகத் தீர்மானிக்காது, தீர்மானிக்கவும் முடியாது. ஃபங்ஷன் எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். பட்டியலே வராதது, காலியாக வந்தது, வந்த பட்டியலுக்குள் ஓர் உறுப்பு 'நல்' ஆக இருப்பது ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நிலைமைகள். நீங்கள் எழுதும் ஃபங்ஷன்களில் இந்த மூன்றுக்கும் என்ன பதில் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்? நான் படித்தவற்றில் பெரும்பாலும் எங்கும் இல்லை.

அரேயை ஃபங்ஷனுக்குள் அனுப்பும் வழக்கத்தையே நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். இந்தத் தீவுகளில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. சென்னையிலிருந்து கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்படும் வரை இங்கே நெட்வொர்க் பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே வழியில் திரும்பினால் ஒரு கேள்விக்கு அரை விநாடியாவது போய்விடும். ஐந்து பேருக்கு ஐந்து முறை கேட்பதைவிட ஐவரையும் ஓர் அரேயில் வைத்து ஒரே முறை அனுப்புவது புத்திசாலித்தனம். இன்று ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கேபிள் போர்ட் பிளேரை மட்டுமல்ல, சுவராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரை தொட்டுவிட்டது. ஆனாலும் ஒரு குடும்பத்தின் முன்பதிவு ஒரே அழைப்பில், முழுதாக நடந்தால் நடக்கட்டும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்க வேண்டாம் என்று இருப்பது இப்போதும் நல்ல வடிவமைப்புதான். அரேயை விடச் சொல்லவில்லை. அது எங்கெல்லாம் பேசாமல் இருந்துவிடும் என்று தெரிந்து பயன்படுத்துங்கள் என்கிறேன்.

அப்படி அது பேசாமல் இருக்கும் இடங்களில் எனக்கு அதிகம் அச்சம் தருவது காத்திருப்போர் பட்டியல். ஏற்கெனவே டிக்கெட் கிடைத்தவர்களின் ஐடிகளை அரே_அக் கொண்டு ஓர் அரேயாகத் திரட்டுகிறீர்கள். பிறகு அந்த அரேயில் இல்லாதவர்களை மட்டும் காத்திருப்போர் டேபிளிலிருந்து எடுக்கிறீர்கள். திரட்டும்போது லெஃப்ட் ஜாயின் போட்டிருந்தால், எங்காவது ஒரு பொருந்தாத வரி ஒரு 'நல்' உறுப்பை அரேக்குள் கொண்டுவந்துவிடும். அரே_அக் அதை வடிகட்டாது. அதன்பின் 'இவற்றில் எதற்கும் சமமில்லை' என்ற நிபந்தனை யாருக்குமே உண்மை ஆகாது. ஒரு மதிப்பு 'நல்' உடன் சமமா இல்லையா என்று போஸ்ட்கிரெஸ்ஸால் சொல்ல முடியாது. 'தெரியாது' என்பதே அதன் பதில். வேர் நிபந்தனையில் 'தெரியாது' வந்தால் அந்த வரி எடுக்கப்படாது. ஒரே ஒரு 'நல்' உறுப்பு, காத்திருப்போர் அனைவரும் காணாமல் போய்விடுகிறார்கள். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. திரையில் காத்திருப்போர் யாரும் இல்லை என்று வருகிறது. இருக்கைகள் காலியாகக் கிடக்கக் கப்பல் கிளம்பிப் போகிறது.

இதைவிடக் கொடுமை, அந்தப் பயணத்தில் இன்னும் யாருக்குமே டிக்கெட் கொடுக்கப்படாத நிலை. வரியே இல்லாதபோது அரே_அக் காலி அரேயைத் தராது, 'நல்' தரும். உடனே மேலே சொன்ன அதே முடிவு: தகுதியானவர் ஒருவரும் இல்லை. அதே வேலையை அரே என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குள் செலக்ட் எழுதிச் செய்திருந்தால் காலி அரே கிடைத்திருக்கும், எல்லோரும் தகுதியாகியிருப்பார்கள். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு எழுத்துமுறைகள் நேர் எதிரான இரண்டு விடை தருகின்றன. உங்கள் அலுவலக டெஸ்ட் டேட்டாபேஸில் எப்போதும் பத்துப் பதினைந்து டிக்கெட் கிடப்பதால் இது அங்கே ஒருநாளும் வெளிப்படாது. அரே_அக்குடன் ஃபில்டர் சேர்த்து 'நல்' உறுப்புகளை விலக்குங்கள், அதற்குமேல் கோஅலெஸ் கொண்டு காலி அரே கொடுங்கள். கோஅலெஸ்ஸுக்கு இங்கே நியாயமான வேலை இருக்கிறது. அதைவிட நல்லது, அரேயையே விட்டுவிட்டு 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதுவது. அதற்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது.

எண்ணிக்கை தொடங்கும் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பைத்தானிலும் பழகிய கை 0 முதல் நீளத்தில் ஒன்று குறைய வரை லூப் எழுதிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் அரே வழக்கமாக 1இல் தொடங்கும். எல்லைக்கு வெளியே கேட்டால் அது கோபித்துக்கொள்ளாது, 'நல்' கொடுத்துவிட்டுப் போகும். ஐந்து பேர் கொண்ட பட்டியலில் முதல் சுற்று வெறுமையாகப் போகும், கடைசி ஆள் விடுபட்டுப் போவார். பட்டியலில் கடைசியாக யார் பெயரை எழுதுவோம்? பெரும்பாலும் கைக்குழந்தையை, அல்லது கூட வரும் பாட்டியை. டிக்கெட் டேபிளில் பயணி ஐடிக்கு 'நாட் நல்' கட்டுப்பாடு இருந்தால் அந்த வெறும் சுற்று அங்கேயே பிடிபடும். இல்லாத டேபிள்களை நான் பார்த்திருக்கிறேன். 'எப்போதும் 1இல்தான் தொடங்கும்' என்றும் நம்பிவிடாதீர்கள். யாராவது 0ஆம் இடத்தில் ஒரு மதிப்பை வைத்துவிட்டால் அரே 0இலிருந்தே இருக்கும். ஃபார்ஈச் எழுதினால் இந்தக் கவலையே வேண்டாம். அது 9.1 பதிப்பிலிருந்து, அதாவது 2011 முதல் இருக்கிறது. அரே 'நல்' ஆக இருந்தால் அது எரர் கொடுக்கும், காலியாக இருந்தால் பேசாமல் தாண்டும். இந்த வேறுபாடு உங்களுக்கு வேண்டியதுதான். அந்த எரரை மறைக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவது நம் வீட்டு விஷயம். பயணிகளின் பெயர்களை ஓர் அரேயிலும் குடும்பப் பெயர்களை இன்னோர் அரேயிலும் வாங்கி, இரண்டையும் அன்நெஸ்ட் கொண்டு பக்கம்பக்கமாகப் பிரித்து டேபிளில் ஏற்றுகிறீர்கள். இந்தத் தீவுகளில் எத்தனை விதமாகப் பெயர் வைக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். வங்காளக் குடும்பத்தில் குடும்பப் பெயர் இருக்கும். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி, 1970களில் கச்சால் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும், போர்ட் பிளேரில் தலைமுறைகளாக இருக்கும் நம் ஆட்களுக்கும் அப்பா பெயரின் முதலெழுத்துதான். குடும்பப் பெயர்க் கட்டத்தை அவர்கள் காலியாக விடுவார்கள். திரைக்கு நிரல் எழுதியவர் 'காலிக் கட்டங்களை நீக்கிவிடு' என்று ஒரு வரி போட்டிருந்தால், நான்கு பெயருக்கு மூன்று குடும்பப் பெயர்தான் ஃபங்ஷனுக்கு வந்து சேரும். அன்நெஸ்ட் புகார் சொல்லாது. குறையும் இடத்தைக் கடைசியில் 'நல்' வைத்து நிரப்பும். நடுவில் இருந்த தமிழருக்கு அடுத்தவரின் குடும்பப் பெயர் ஒட்டிக்கொள்ளும், கடைசியாக இருந்தவர் தன் குடும்பப் பெயரை இழப்பார். ஐலாண்டர் கார்டில் ஒரு பெயர், டிக்கெட்டில் வேறு பெயர். ஜெட்டியில் சோதிப்பவர் மேல் தப்பில்லை, அந்த மனிதர் மேலும் தப்பில்லை. தப்பு டேபிளுக்கு வரும் வழியில், உங்கள் ஃபங்ஷனில் நடந்தது.

இரண்டு அரேயின் எண்ணிக்கை சமமா என்று ஃபங்ஷனின் முதல் வரியிலேயே பாருங்கள். அதற்கு அரே_லெங்த் வேண்டாம், கார்டினாலிட்டி பயன்படுத்துங்கள். காலி அரேக்கு அது நேர்மையாக 0 சொல்லும். ஒப்பிடும்போது சமமின்மைக் குறியை நம்பாதீர்கள். ஒரு பக்கம் 'நல்' வந்தால் ஒப்பீடும் 'நல்' ஆகிவிடும், இஃப் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு உங்கள் காவலைத் தாண்டிவிடும். 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' எழுதுங்கள். முடிந்தால் இணை அரேக்களையே கைவிடுங்கள். ஒருவரின் பெயர், முதலெழுத்து, வயது எல்லாம் ஒன்றாக இருக்கும் ஒரு கலப்பு டைப் உருவாக்கி அந்த டைப்பின் அரேயை வாங்கலாம், அல்லது ஜேசன்பி ஆக வாங்கிப் பிரிக்கலாம். ஒரு மனிதரின் விவரங்கள் ஒன்றாகவே பயணம் செய்யட்டும்.

இரட்டைப் பரிமாண அரேயில் ஐடியையும் வயதையும் ஜோடியாக அனுப்புவது மாற்று என்று சிலர் நினைக்கிறீர்கள். அதற்கும் தனித் தொல்லை உண்டு. முதல் ஜோடியை எடுக்க ஓர் எண் மட்டும் கொடுத்தால் ஜோடி வராது, 'நல்' வரும். நான்கு பேருக்குக் கார்டினாலிட்டி 8 சொல்லும். ஃபார்ஈச்சுடன் ஸ்லைஸ் 1 போடாவிட்டால் ஐடியும் வயதும் ஒரே வரிசையாக உதிரும்.

அரேயை எழுத்தாக ஒட்டி உருவாக்குவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். நெளிவு அடைப்புக்குறியைத் திறந்து, கமா போட்டுச் சேர்த்து, மூடி, அதை டெக்ஸ்ட் அரேயாக மாற்றும் கோடு நம்மிடையே நிறையப் புழங்குகிறது. முகவரியில் 'ஹட் பே, லிட்டில் அந்தமான்' என்று ஒருவர் எழுதினால் அது இரண்டு உறுப்பாகும், அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். டிரைவர் வழியாக உண்மையான அரேயாகவே அனுப்பினால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

பிழை தேடும்போது நீங்களே உங்களை ஏமாற்றிக்கொள்ளும் ஓரிடத்தையும் சொல்ல வேண்டும். அரேக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அரே_டு_ஸ்ட்ரிங் கொண்டு அச்சிடுகிறீர்கள். மூன்றாவதாக ஒரு மாற்றுச் சொல் கொடுக்காவிட்டால் அது 'நல்' உறுப்புகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எந்தப் பூச்சியைத் தேடுகிறீர்களோ அதை மறைத்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. ரெய்ஸ் நோட்டீஸில் அரேயை அப்படியே போடுங்கள். உள்ளே இருக்கும் 'நல்' கண்ணுக்குத் தெரியும், 0இல் தொடங்கும் அரேயாக இருந்தால் எல்லை எண்களும் முன்னால் வரும். கூடவே அரே_டிம்ஸும் கார்டினாலிட்டியும் அச்சிடுங்கள். 'டேட்டா சரியில்லை' என்று பயனாளரிடம் சொல்லி அனுப்பும் முன் இந்த மூன்றையும் பார்த்திருக்க வேண்டும்.

'வென் அதர்ஸ் தென் நல்' என்ற அந்த எக்ஸெப்ஷன் வரியைப் பற்றி எனக்குச் சமாதானமே இல்லை. அது எரரை மட்டுமல்ல, அதுவரை அந்த பிளாக் செய்த மாற்றங்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. மூன்று பேருக்கு டிக்கெட் ஏறி நான்காமவரிடம் தடுக்கினால் மூவரின் டிக்கெட்டும் திரும்பிப்போகும், ஃபங்ஷனோ நல்லபடியாக முடிந்ததாகவே காட்டிக்கொள்ளும். குறிப்பிட்ட எரரை எதிர்பார்த்தால் அதன் பெயரைச் சொல்லிப் பிடியுங்கள். மற்றதை மேலே போகவிடுங்கள். கவுன்டர் ஊழியருக்குப் புரியும் மொழியில், 'பயணிகள் பட்டியல் காலியாக வந்துள்ளது, பணம் வாங்க வேண்டாம்' என்று ரெய்ஸ் எக்ஸெப்ஷன் எழுதுவதற்கு ஒரு நிமிடம் ஆகுமா?

டேபிளில் அரேயைச் சேமிப்பது பற்றியும் ஒரு சொல். பயணிகளின் ஐடிகளைப் பயண வரியிலேயே ஓர் அரேயாக வைத்துவிட்டால் ஜாயின் தேவையில்லை என்று எழுதுகிறீர்கள். அரேயின் உறுப்புக்கு ஃபாரின் கீ போட முடியாது. நீக்கப்பட்ட பயணியின் ஐடி அங்கேயே கிடக்கும், அதே ஐடி இருமுறை ஏறினாலும் கேட்பாரில்லை. அரேக்குள் குறிப்பிட்ட உறுப்பைத் தேட வேண்டியிருந்தால் டேட்டாபேஸ் வடிவமைப்பே தவறாக இருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ்ஸின் சொந்தக் கையேடே எச்சரிக்கிறது. அனுப்புவதற்கு அரே, வைப்பதற்கு டேபிள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரிலோ சென்னையிலோ இதே தவறு நடந்தால் பயணி அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். 2011 கணக்கெடுப்பில் 3.8 லட்சம் பேர் இருந்த இந்தத் தீவுகளில், கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். ஹெலிகாப்டரில் இருக்கைகள் கொஞ்சம். அடுத்த கப்பல் என்றைக்கு என்பதைக் கடலும் வானிலையும் சேர்ந்து முடிவு செய்யும். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்திப் பேசுகிறேன். வேறெங்கும் சின்னத் தொல்லையாக முடிவது இங்கே ஒரு நோயாளியின் வாரமாகவோ ஒரு மாணவரின் தேர்வாகவோ ஆகிவிடுகிறது.

என் வேண்டுகோள் இது. அரே வாங்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தலையில் மூன்று வரி எழுதுங்கள்: அரே 'நல்' ஆக வந்தால் என்ன, காலியாக வந்தால் என்ன, உள்ளே 'நல்' இருந்தால் என்ன. அந்த மூன்றையும் கோடிலும் சோதித்து, ஏற்க முடியாததை ரெய்ஸ் செய்யுங்கள். இன்சர்ட் முடிந்ததும் கெட் டயக்னாஸ்டிக்ஸ் கொண்டு ஏறிய வரிகளின் எண்ணிக்கையை வாங்கி, கேட்ட ஆட்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவராவிட்டால் அந்த முன்பதிவு நடக்கவே கூடாது. ஒரு டெஸ்ட் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'நல்' அரே, காலி அரே, 'நல்' உறுப்பு உள்ள அரே, 0இல் தொடங்கும் அரே, ஒரே ஓர் ஆள் உள்ள அரே, நீளம் பொருந்தாத இரண்டு அரே, கமா உள்ள முகவரி, குடும்பப் பெயரே இல்லாத தமிழ்ப் பெயர் எல்லாம் இருக்கட்டும். மாயாபந்தரில் இருப்பவர் எழுதியதைக் கார் நிகோபாரில் இருப்பவருக்கும் கொடுங்கள். இதில் போட்டிக்கு ஒன்றும் இல்லை.

மே மாதம் மூன்றாவது வாரத்தில் இங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். பயணங்கள் ரத்தாகும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஐடிகள் அரேக்களாக ரத்து ஃபங்ஷனுக்குள்ளும் மறுபதிவு ஃபங்ஷனுக்குள்ளும் போகும். எல்லா ஃபங்ஷனையும் அதற்குள் பார்க்க நேரமிருக்காது என்பது எனக்கும் தெரியும். அந்த இரண்டை மட்டும் முதலில் எடுங்கள். அவற்றில் எங்கே எக்ஸெப்ஷன் பிளாக் இருக்கிறது, எங்கே நாட் இன் அல்லது சமமில்லை நிபந்தனை இருக்கிறது, எங்கே அரே_லெங்த் இருக்கிறது என்று இந்த வாரமே தேடிப்பாருங்கள். மழைக்கு முன் அவற்றைத் திருத்தி, மேலே சொன்ன டெஸ்ட் ஃபைலை ஓட்டிவிட்டு, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கொடுத்து இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பிருந்தே இந்த வேலையில் இருக்கும் ஒருவர்